முத்துக்கருப்பன் வண்டியும் உருண்டை உலகமும்

அன்று காலை மணி அடித்தும் பிள்ளைகள் உள்ளே போக முடியவில்லை. பள்ளிக்கூட வாசலை அடைத்துக்கொண்டு ஒரு இரட்டை மாட்டுவண்டி குறுக்கே நின்றது. வண்டி நிறையச் செங்கல். இடது மாடு எங்கள் வேலியோரச் செம்பருத்தியை அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

வண்டிக்காரர் முத்துக்கருப்பன் இறங்கி வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல் சூளைகளில் அவரைத் தெரியாத ஆளில்லை. வண்டிக்காரர்கள் குடியிருந்த வரிசையில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய மூன்று பெண்களும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். மூத்தவள் செல்லாயி என் வகுப்பு.

தார்க்குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"டீச்சர், உலகம் சுத்துதாமே?"

"ஆமாங்க."

"நிக்காமலா?"

"நிக்காமதான்."

"நல்லதாப் போச்சு. வண்டியை இங்கயே நிறுத்திட்டேன். கிள்ளான் சுத்திக்கிட்டு வரும்போது ஒரு குரல் குடுங்க. செங்கலை இறக்கிட்டுப் போயிடறேன். மாட்டுக்கும் கால்வலி மிச்சம்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். செல்லாயி மட்டும் சிலேட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உலகத்தோட சேர்ந்து நாமளும் சுத்தறோம்ங்க. அதனாலதான் தெரியலை" என்றேன்.

"நான் சுத்தலையே. நிக்கிறேனே. பாருங்க."

நின்றுதான் காட்டினார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஆசிரியர் கையேட்டில் போட்டிருக்கவில்லை.

பிறகுதான் நிஜமான புகார் வந்தது. முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் செல்லாயி, தங்கள் வீட்டுக்கு நேர் கீழே, உலகத்தின் மறுபக்கத்தில், தென் அமெரிக்காக்காரர்கள் காலை நம் காலுக்கு எதிராக வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

"என் சம்சாரம் ராத்திரி பூரா கண்ண மூடலை, டீச்சர். கீழேர்ந்து எவனோ பார்க்கிற மாதிரியே இருக்குங்குது. பொம்பளப் புள்ளைங்க இருக்கிற வீடு."

இமயமலை இருந்த இடம்

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் சம்பளத்தைப் பற்றி எழுதி உங்களையெல்லாம் அழவைத்துவிட்டேன் என்று கேள்வி. அந்தச் சம்பளத்துக்கு நான் என்ன கற்றுக்கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா? பூகோளம். அதைத் தவிர எதைக் கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பேன்.

எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவரின் மகள். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்ததே எங்கள் குவார்ட்டர்ஸில் பெரிய படிப்பு. என் உலக அனுபவம் என்பது கிழக்கே புடு, மேற்கே கிள்ளான்.

தலைமையாசிரியர் கந்தப்பிள்ளையர் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் போடும் கணக்கில் எல்லாம் ஏதாவது ஒரு ரயில் ஏதாவது ஒரு ஸ்டேஷனைத் தாமதமாக வந்து சேரும். மிச்சமிருந்தது பூகோளம். அதை என் தலையில் கட்டினார்.

புத்தகம் கடல் தாண்டி மதராஸிலிருந்து வந்தது. முதல் பாடத்திலேயே, 'நமது நாட்டின் வடக்கே வானளாவிய இமயமலை நிற்கிறது' என்று இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் வடக்கே திரும்பிப் பார்ப்பார்கள். மழை பெய்து ஓய்ந்த காலை என்றால் அங்கே வெளேரென்று ஒரு மலை தெரியும். அது பத்துமலை.

"தைப்பூசத்துக்கு நாங்க இமயமலைக்குப் போனோம் டீச்சர்" என்று ஒரு பையன் பெருமையாகச் சொன்னான். அவன் அம்மா உச்சி வரை ஏறி முருகனையும் பார்த்துவிட்டு வந்தாளாம். சிவபெருமானின் வீட்டில் மகன் இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று வகுப்பே ஒத்துக்கொண்டது. அதைத் திருத்த எனக்கு ஒரு மாதம் பிடித்தது. முழுதாகத் திருந்தியதா என்று இன்றும் தெரியாது.

பூகோள உருண்டை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன். கந்தப்பிள்ளையர் யோசித்துவிட்டு, மறுநாள் பாசாரிலிருந்து ஒரு பம்பளிமாஸ் வாங்கிவந்து என் மேசையில் வைத்தார்.

நானும் சளைக்கவில்லை. அந்தப் பெரிய பச்சைப் பழத்தின்மேல் மையால் கண்டங்களை வரைந்தேன். ஆசியா நன்றாக வந்தது. ஆப்பிரிக்கா கொஞ்சம் ஊதிவிட்டது. ஐரோப்பாவுக்கு இடம் போதாமல் காம்புக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. சாய்ந்தரம் உரித்துப் பங்கு போடும்போது சண்டை வந்துவிட்டது. எல்லாருக்கும் ஆசியாதான் வேண்டும், அதுதான் பெரிசு. தோலை உரித்த பிறகு எந்தச் சுளை எந்தக் கண்டம் என்று யாருக்குமே தெரியவில்லை என்பதால் சமாதானம் ஆயிற்று.

அந்தப் பழத்தில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நேர் எதிரே விரலை வைத்து, "இங்க யாரு டீச்சர் இருக்காங்க?" என்று கேட்டவள் செல்லாயி. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அது வண்டியேறி வந்து வாசலில் நின்றது.

தட்டையாக இருக்கட்டும்

மறுநாள் செல்லாயி வரவில்லை. தங்கைகளும் வரவில்லை. அடுத்த நாள் வண்டிக்காரர் வரிசையிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. முத்துக்கருப்பன் யாரையும் தடுக்கவில்லையாம். "நான் அனுப்பலை" என்று மட்டும் சொன்னாராம். அது போதும்.

கந்தப்பிள்ளையர் காலி பெஞ்சுகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். தலை குறைந்தால் சர்க்கார் உதவிப் பணம் நின்றுவிடும். உதவி நின்றால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட எங்கள் பள்ளிக்கூடம் மாட்டுக்கொட்டகை ஆகிவிடும்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன், கேளும்" என்று என்னைத் தனியே கூப்பிட்டார். "உலகம் உருண்டையா இருக்கிறதில எனக்கொரு ஆட்சேபமும் இல்லை. ஆனா அதை இப்பவே சொல்லோணுமோ? பெரிய வகுப்புக்குப் போகும் வரைக்கும் தட்டையா இருக்கட்டுமன்."

"அது எப்படி சார்? புத்தகத்துல போட்டிருக்கே."

"இன்ஸ்பெக்டர் வாற நாள் மட்டும் உருண்டையாக்குவம்."

நல்ல மனிதர். சண்டை என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார். சாய்ந்தரம் குடையை எடுத்துக்கொண்டு நேரே முத்துக்கருப்பன் வீட்டுக்குப் போனேன்.

செல்லாயி தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். வரும் வழியெல்லாம் உலகம் உருண்டை என்பதற்கு நான் கோத்து வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் அந்த இடத்தில் மறந்துபோயின. இந்தப் பெண் திரும்பவும் வகுப்புக்கு வந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

முத்துக்கருப்பன் என்னை உட்கார வைத்தார். காப்பி வந்தது. அவர் மனைவி தரையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"டீச்சர், எனக்கு உங்க மேல கோவம் இல்லை. ஆனா கண்ணால பார்க்காததை நம்புன்னு சொன்னா எப்படி? காட்டுங்க. நம்பறேன்."

"நீங்க கப்பல்ல வந்தவர்தானே? நடுக்கடல்ல சுத்திலும் பார்த்தா வளைவு தெரியுமாமே?"

"நாகப்பட்டினத்துல ஏறினேன். ஏறினதும் வாந்தி. இறங்குற வரைக்கும் வாந்தி. வாந்தி எடுத்தவனுக்கு வாளிதான் தெரியும், வானமா தெரியும்?"

எனக்கும் வீம்பு வந்துவிட்டது. புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். துறைமுகத்தில் நின்று, புறப்பட்டுப் போகிற கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தால், முதலில் அதன் அடிப்பாகம் மறையும், பிறகு நடுப்பாகம், கடைசியில் கொடிமரம். உலகம் வளைந்திருப்பதால்தான் அப்படி. தட்டையாக இருந்தால் முழுக் கப்பலும் புள்ளியாகச் சிறுத்துப் போகும்.

முத்துக்கருப்பன் தாடையைத் தடவினார்.

"அடி முதல்ல மறையணும்?"

"ஆமாங்க."

"மறைஞ்சா, மூணு பேரும் பள்ளிக்கூடம் வருவாங்க. மறையலைன்னா தொழுவத்துல வேலை கிடக்கு. செல்லாயிக்கு மாப்பிள்ளை பார்க்கவும் ஆள் வந்தாச்சு."

செல்லாயிக்குப் பதினோரு வயதோ பன்னிரண்டோ. நான் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

துறைமுகத்தில் நடந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானைத் தாண்டி இருந்த துறைமுகத்துக்கு நாங்கள் ரயிலேறினோம். கந்தப்பிள்ளையர் கோட்டும் தொப்பியுமாக வந்தார். நான், செல்லாயி, என் வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள். முத்துக்கருப்பன் வெளுத்த வேட்டி, மல் சட்டை, புதுத் தலைப்பாகை.

அவர் ரயிலேறுவதே ஒரு விசேஷம். கப்பலிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு ஏறியதோடு சரி. ரயிலும் லோரியும்தான் வண்டிக்காரர் வயிற்றில் அடித்தன என்பது அவருடைய கட்சி. பகையாளி வீட்டுக்கு விருந்துக்குப் போனவர் போல, பெஞ்சின் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார்.

பெட்டாலிங் தாண்டியதும் ரப்பர் மரங்கள் சர்ரென்று பின்னால் ஓடின.

"பாருங்க" என்றேன், இதுதான் சமயமென்று. "மரம் ஓடற மாதிரி இருக்கு. நிஜத்துல ஓடறது நாமதான். சூரியனும் அப்படித்தாங்க."

அவர் வெளியே பார்த்தார். யோசித்தார்.

"இந்த ஓட்டத்துக்கே எனக்குத் தலை சுத்துது டீச்சர். உலகம் சுத்தறது நெசம்னா ஊருக்கே தலை சுத்தணுமே."

கந்தப்பிள்ளையர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தொப்பிக்குள் சிரித்தார்.

துறைமுகத்தில் கொப்பரை வாடையும் கருவாட்டு வாடையும் மூக்கைத் துளைத்தன. நாங்கள் போன நேரம் நல்ல நேரம், ஒரு கப்பல் அப்போதுதான் புறப்பட்டது. பெரிய கறுப்புக் கப்பல், மஞ்சள் புகைக்கூண்டு. ஊதியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இப்பப் பாருங்க. கண்ணைக் கொட்டாதீங்க. அடிதான் முதல்ல மறையும்."

கண் கொட்டாமல் பார்த்தோம். கப்பல் மெல்லப் போயிற்று. எதிரே முழுக்கச் சதுப்புக்காடு மண்டிய தீவு. கப்பல் போய், ஒயிலாகத் திரும்பி, அந்தத் தீவுக்குப் பின்னால் நுழைந்தது. முதலில் மூக்கு மறைந்தது. பிறகு புகைக்கூண்டு. கடைசியாக வால். அப்புறம் தீவும் மரங்களும்தான்.

புத்தகம் எழுதியவர் எங்கள் துறைமுகத்தைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்க்காமல் வாக்குக் கொடுத்தவள் நான். சுற்றிலும் தீவுகள். அடிவானம் என்ற ஒன்று அந்தக் கரையிலிருந்து கண்ணுக்கே தெரியாது.

முத்துக்கருப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"டீச்சர், அடி மறையும்னீங்க. இங்க மூஞ்சி முதல்ல மறையுது. அப்ப உலகம் எந்தப் பக்கமா உருண்டை?"

கூலியாட்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி பிள்ளைகள் சிரித்தார்கள். செல்லாயி சிரிக்கவில்லை. அவள் மறுபடி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காட்டுக்குப் பின்னால்

ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. ஒரு கிடங்கின் நிழலில் ஒதுங்கினோம். அங்கே நோய் பரவாமலிருக்க அடைத்துவைக்கும் தனிமை முகாமிலிருந்து விடுபட்டு வந்த புதுக்கூலிகள் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கங்காணி ஒருவர் தலை எண்ணிக்கொண்டிருந்தார். டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்கள்.

அவர்களில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், இடுப்பில் குழந்தையோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். செல்லாயியிடம் கேட்டாள்.

"கண்ணு, மாயவரம் எந்தப் பக்கம்?"

கங்காணி சிரித்தார். "இப்பவே திரும்பிப் போகப் பாக்குறியா?"

"போகலை அண்ணே. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா தேவலை. கப்பல்ல அடித்தட்டுல போட்டுட்டாங்க, முகாம்ல அடைச்சுட்டாங்க. திக்கே தெரியலை."

செல்லாயி என்னைப் பார்த்தாள். அன்று என் பேச்சுக்கு மதிப்பில்லை. அவளே வெயிலைப் பார்த்தாள், தன் நிழலைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"அந்தப் பக்கம். வெயில் சாயற பக்கத்துக்குக் கொஞ்சம் வடக்கே."

"அங்க காடுல்ல தெரியுது?"

"காட்டுக்குப் பின்னால கடல். கடலுக்குப் பின்னால சுமத்ரா. சுமத்ராவுக்குப் பின்னால பெரிய கடல். பெரிய கடலுக்குப் பின்னால உங்க ஊரு."

"அங்கயும் இப்ப சாயங்கால வெயிலா?"

"இல்லக்கா. வெயில் நம்மளத் தாண்டித்தான் அங்க போகணும். அங்க இப்பத்தான் மத்தியானச் சாப்பாடு முடியுது."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அந்தத் தீவையே பார்த்தாள். "அப்ப எங்கம்மா இப்பத்தான் தட்டு கழுவும்" என்றாள். பிறகு குழந்தையின் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். கங்காணி கூப்பிட்டதும் எழுந்து போனாள்.

இங்கே வெயில் சாயும்போது அங்கே சாப்பாட்டு நேரம் என்றால் உலகம் உருண்டை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். முத்துக்கருப்பன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அவர் மகளிடம் மெதுவாகக் கேட்டார். "நாகப்பட்டினம்?"

"அதுவும் அதே பக்கந்தான்ப்பா."

"அம்பாங் மலைப் பக்கம் இல்லையா?"

"அது கிழக்கு. அந்தப் பக்கம் போனா சீனக் கடல்."

முத்துக்கருப்பன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், இங்க வந்த அன்னைக்கு ரயில்ல எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தேனோ, திக்கு மாறிப்போச்சு போலருக்கு. எங்கப்பன் செத்த சேதி வந்ததிலேர்ந்து அமாவாசைக்கு அமாவாசை ஊர்ப்பக்கம் திரும்பி விழுந்து கும்பிடறேன். இத்தனை வருசமும் அம்பாங் மலையையில்ல கும்பிட்டிருக்கேன்?"

"சாமிக்குத் தெரியும்ங்க" என்றேன்.

"சாமிக்குத் தெரியும். எங்கப்பனுக்குத் தெரியணுமே. பிடிவாதக்காரர். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு பய, அப்படின்னுதான் நினைச்சிருப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மகள் காட்டிய திசையில் அந்தக் கொப்பரை வாடைக்கு நடுவிலேயே விழுந்து கும்பிட்டார். கந்தப்பிள்ளையர் தன் தொப்பியைக் கழற்றினார்.

திரும்பும்போது ரயிலில் முத்துக்கருப்பன் தலைப்பாகையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் தொண்டையைக் கனைத்தார்.

"நாளைக்குப் புள்ளைங்க வருவாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்கு ஆள் அனுப்பி இப்ப வேணாம்னுடறேன். ஆனா ஒண்ணு, உலகம் தட்டைதான்."

"சரிங்க."

"தட்டைதான். ஆனா நான் நினைச்சதைவிடப் பெருசு."

கந்தப்பிள்ளையர் என் பக்கம் குனிந்து, "இது போதும் பிள்ளை. விட்டிடும்" என்றார். விட்டுவிட்டேன். செல்லாயி எங்கள் பள்ளியில் இருந்த கடைசி வகுப்பு வரை படித்தாள். பிற்பாடு கிள்ளானில் ஆஸ்பத்திரி நர்சாகி, எனக்கே ஒருமுறை ஊசி போட்டாள். வலிக்கத்தான் வலித்தது.

ஒரு நெல்லளவு

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முத்துக்கருப்பன் வாய் சும்மா இருக்குமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாய்ந்தரம் பள்ளிக்கூட முற்றத்தில் வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் குளித்து, நீறு பூசி, கோயிலுக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். "எங்க ஊரு எந்தப் பக்கம் டீச்சர்?" இதுதான் கேள்வி. ஊர்ப்பக்கம் திரும்பிக் கும்பிட ஆளுக்கொரு செத்தவர் இருந்தார்.

ஒருவர் மன்னார்குடி. கை நீட்டினேன். அடுத்தவர் சேலம். அதே இடத்தில் கை நீட்டினேன். அடுத்தவர் மதுரை. மறுபடி அதேதான். கந்தப்பிள்ளையர்கூட யாரும் கவனிக்காதபோது பக்கத்தில் வந்து, "யாழ்ப்பாணமும் உந்தப் பக்கந்தானோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கூட்டத்துக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஊருக்கு ஒரு திசை கிடைக்கும் என்று நம்பி வந்திருந்தார்கள்.

கடைசியாக வேலாயுதம் வந்தார். முத்துக்கருப்பனின் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அந்த வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு ஊருக்கும் பரம்பரைப் பகை. கடல் தாண்டி வந்து, தினமும் ஒரே சாலையில் ஒருவர் வண்டிக்குப் பின்னால் ஒருவர் ஓட்டிக்கொண்டு போயும், இருவரும் பேசிக்கொண்டதில்லை.

செல்லாயி முத்துக்கருப்பனுக்குக் காட்டிய அதே பக்கத்தை நான் காட்டினேன்.

"அதெப்படி?" என்றார் வேலாயுதம். "அது அந்தாளு ஊரு."

"உங்க ஊரும் அங்கதாங்க."

"நடுவுல வாய்க்கா இருக்கே!" இது முத்துக்கருப்பன். முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சி.

"இங்கேர்ந்து பார்த்தா வாய்க்கால் தெரியாதுங்க."

இருவரும் என் விரலையே பார்த்தார்கள். வாய்க்கால் தெரியாத ஒரு இடம் உலகத்தில் இருக்க முடியும் என்பதை, அது உருண்டை என்பதைவிடவும் அவர்களால் நம்ப முடியவில்லை. வேலாயுதத்தின் உதடு கோணியது. முத்துக்கருப்பன்தான் சமாதானமாகச் சொன்னார்.

"டீச்சர், கொஞ்சம் தள்ளிக் காட்டுங்க. ஒரு நெல்லளவாவது."

பூகோள ஆசிரியை செய்யக்கூடாத காரியம்தான். விரலை ஒரு நெல்லளவு நகர்த்தினேன். "அது உங்க ஊரு. இது அவர் ஊரு."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் வேலாயுதம்.

இருவரும் நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டு, பேசாமல், ஒன்றாகவே வாசலைத் தாண்டிப் போனார்கள்.

செல்லாயி என் புடவையை இழுத்தாள்.

"டீச்சர், இங்க ஒரு நெல்லு தள்ளினா அங்க பத்து மைலு தள்ளிப் போயிடாது? வேலாயுதம் மாமா கும்பிடறது வேற யார் ஊரையோ ஆயிடுமே."

"யார் ஊரா இருந்தா என்ன, அங்கயும் யாராவது செத்திருப்பாங்க. பேசாம இரு" என்றேன்.